விட்டுப்போன எட்டு வசனங்கள்

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளும் சாமியாராகவும் சிஸ்டராகவும் ஆக ஆசைப்படுவார்கள். பாஸ்கா காலத்தின், அதாவது ஈஸ்டர் காலத்தின், நான்காம் ஞாயிறு அது. நல்லாயன் ஞாயிறு என்போம். திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் தொடங்கி, 1964 முதல், சாமியாராகவும் சிஸ்டராகவும் வரச் சொல்லும் இறை அழைத்தலுக்காகத் திருச்சபை முழுவதும் மன்றாடும் நாளும் அதுவே. மறையுரையின் கடைசியில் பங்குத்தந்தை பீடத்தை விட்டு இறங்கி வந்து, "யாருக்கெல்லாம் ஃபாதராகணும்? யாருக்கு சிஸ்டராகணும்?" என்று கேட்பார். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் கைகள் எல்லாம் எழும். பெரியவர்கள் கைதட்டுவார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்குள் எல்லோருக்கும் மறந்துபோகும்.

1987 மே மாதம் நானும் கை தூக்கினேன். எனக்கு மறக்கவில்லை, அதுதான் தொல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மீன் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "எட்டி, கை தூக்குனியாமே. உனக்குக் காலையில எழும்பத் தெரியுமா?" என்றாள். எங்கள் வீட்டில் நடந்த ஒரே இறையியல் விவாதம் அதுதான்.

ஆனாலும் அந்த விடுமுறையிலேயே ஒரு மடத்தில் பத்து நாள் 'வந்து பாருங்கள்' முகாமுக்கு அனுப்பினார்கள். தகரப் பெட்டி, இரண்டு வெள்ளைப் பாவாடை, புதுச் செபமாலை. ஐந்து மணிக்கு எழும்பிவிட்டேன், அம்மாவைத் தோற்கடிக்கவாவது. மௌன நேரத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பல்லி, செபித்துக்கொண்டிருந்த ஒரு சிஸ்டரின் முக்காட்டில் விழுந்தது. நான் சிரித்தேன். அடக்க அடக்க இன்னும் சிரிப்பு வந்தது. பத்தாம் நாள் பொறுப்புச் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பிள்ளை நீ. ஆனா உனக்கு அழைத்தல் இல்லம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில், நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடைப்பட்ட இந்தக் காற்று மண்டலத்தில், 'அழைத்தல்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'அந்தப் பயலுக்குத் தேவ அழைத்தல் உண்டு' என்று, சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு என்பது போலச் சொல்வார்கள். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எல்லாரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே ஒரு தனி அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர வெகுநாள் ஆனது. தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன், இவ்வளவு தாமதம் எங்களிடம்கூடக் கிடையாது.

வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள். திருமணத் தயாரிப்பு வகுப்பில் 'திருமணமும் ஓர் அழைத்தல்தான்' என்றார்கள். தேர்வில் தோற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் மிட்டாய் போல அது எனக்குப் பட்டது. ஞாயிறு பூசைக்குப் போவேன், பின்னால் தூண் ஓரம் நிற்பேன், வருவேன். அப்படியே முப்பது வருடம்.

2018 ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் பொங்கலும். முதல் மணி அடித்தாயிற்று. நான் முற்றத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உபதேசியார், அதாவது பங்குத்தந்தைக்குத் துணையாக மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர், வேகமாக வந்தார். அவர் உபதேசியார் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அப்போது பங்கை நிர்வகிக்கும் பேரவையின் துணைத்தலைவர். ஆனாலும் ஊருக்கு அவர் உபதேசியார்தான், எனக்கு மாமா.

"மக்களே, ஒண்ணாம் வாசகம் வாசிக்க வேண்டியவ பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போயாச்சாம். நீ வாசிச்சிரு."

"எனக்கு வேண்டாம் மாமா. கண்ணாடி எடுத்துட்டு வரல்ல."

தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு காது நூலால் கட்டப்பட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு ஏறினேன்.

அன்றைய முதல் வாசகம் சாமுவேல் முதல் நூல், மூன்றாம் அதிகாரம். சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் பேழை இருந்த இடத்தில் படுத்திருக்கிறான். யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எழுந்து அங்கே குருவாக இருந்த கிழவர் ஏலியிடம் ஓடுகிறான், கூப்பிட்டீர்களா என்று. நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மூன்று தடவை இப்படி. மூன்றாம் தடவைதான் கூப்பிடுவது யார் என்று ஏலிக்குப் பிடிபடுகிறது. இனிக் கூப்பிட்டால் 'பேசும் ஆண்டவரே' என்று சொல் என்கிறார்.

சின்ன வயதிலிருந்து மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை. ஆனால் வேறொருவரின் கண்ணாடி வழியாக உரக்க வாசிக்கும்போது ஒன்று உறைத்தது. பையன் ஏன் ஏலியிடம் ஓடினான்? குரல் வானத்திலிருந்து இடி போல வந்திருந்தால் ஓடியிருக்க மாட்டான், போர்வையை இழுத்து மூடியிருப்பான். கேட்ட குரல் ஏலியின் குரல் மாதிரியே இருந்திருக்க வேண்டும். வழக்கமாகத் தண்ணீர் கேட்கும், விளக்கைப் பார்க்கச் சொல்லும் அதே கிழட்டுக் குரல். இதை நான் எந்த விளக்கவுரையிலும் படிக்கவில்லை. தவறாகவும் இருக்கலாம். ஆனால் அன்று ஆண்டவர் ஏலியின் தொண்டையைக் கடன் வாங்கினார் என்றே எனக்குப் பட்டது. அரைத் தூக்கத்தில் மூன்று முறை எழுந்து ஓடிய அந்தக் கால்களைத்தான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நானோ பத்து நிமிடத்துக்கு முன்னால் கண்ணாடி இல்லை என்று சாக்குச் சொன்னவள்.

வீட்டுக்கு வந்து பொங்கல் பானை இறக்கியதும் திருவிவிலியத்தை எடுத்துப் பார்த்தேன். வாசக நூலில் ஏதோ துண்டாக இருந்தது போல ஒரு குறுகுறுப்பு. சரிதான். பத்தாம் வசனத்தோடு நிறுத்தி, பத்தொன்பதுக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் எட்டு வசனங்கள் இல்லை. வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த வாசக ஒழுங்கில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக ஓடுகின்றன. ஆக மூன்று வருடத்துக்கு ஒருமுறை கத்தோலிக்கர்கள் இந்தக் கதையைக் கேட்கிறார்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த எட்டு வசனங்களைக் கேட்காமல் போகிறார்கள்.

அந்த எட்டில் என்ன இருக்கிறது? ஆண்டவர் பையனிடம் அப்படி என்னதான் சொன்னார் என்பது இருக்கிறது. சொன்னது ஏலியைப் பற்றி. மகன்கள் செய்த அக்கிரமம் தெரிந்தும் கண்டிக்காத ஏலியின் குடும்பத்தைத் தண்டிக்கப் போகிறேன் என்பதுதான் செய்தி. கேட்கக் கற்றுக்கொடுத்த கிழவருக்கு எதிராகவே முதல் சொல். பையன் விடியும்வரை படுத்துக் கிடக்கிறான். விடிந்ததும் எழுந்து ஆண்டவரின் இல்லத்துக் கதவுகளைத் திறக்கிறான். அவனுடைய அன்றாட வேலை அது போலிருக்கிறது. ராத்திரி முழுவதும் கடவுளோடு பேசியவன் காலையில் வாசல் கதவைத் திறக்கிறான், காட்சியைச் சொல்லப் பயந்துகொண்டே. ஏலி கூப்பிட்டு, எதையும் மறைக்காதே என்று கேட்ட பிறகுதான் சொல்கிறான்.

வாசகத்தை நீளம் கருதி வெட்டியிருப்பார்கள், குற்றம் சொல்லவில்லை. ஆனால் வெட்டிய பிறகு மிஞ்சும் கதை இனிப்பாக இருக்கிறது. அந்த இனிப்பைத்தான் நல்லாயன் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

அன்று சாயங்காலம் காற்றாடிமலைக்குப் போனோம். ஜனவரி 14 தேவசகாயத்தின் நினைவு நாள். அப்போது அவர் முத்திப்பேறு பெற்றவர், அதாவது புனிதருக்கு ஒரு படி கீழே. புனிதர் பட்டம் 2022 மே 15-இல்தான் வந்தது. மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரியாக இருந்தவர். துறவி ஆகாதவர், கல்யாணம் ஆனவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய்தான் அவருக்கு வேதத்தைச் சொன்னவர். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்த மனிதரிடம் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. தோற்றுப்போன எதிரி நாட்டுக் கப்பல்காரன் வாயில் வந்திருக்கிறது அவருக்கான அழைப்பு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் உண்டதும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம்.

மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவர் இறந்தபோது மணி போல ஒலித்தது என்பார்கள். இன்றும் சிறு கல்லால் தட்டினால் கணீரென்கிறது. அன்று என் மகன் தட்டிக்கொண்டே இருந்தான், பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்கும்வரை.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் உபதேசியார் அடுத்த வேலையைக் கொடுத்தார். அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழுவுக்கு, வாசகம். பிறகு அன்பியத் தலைவி. அந்த வருடக் கடைசியில் பேரவைப் பொருளாளர். பங்கில் ஒரு வேலைக்கு 'சரி' என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

அன்பியக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதம் ஒரு வீடு, இருபது முப்பது குடும்பம், சுக்குக் காப்பி. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து பரவிய ஏழு படி முறையில் நற்செய்தி வாசிப்போம். நான்காம் படி மௌனம். ஆண்டவர் பேசுவதற்கென்று ஒதுக்கிய சில நிமிடங்கள். எங்கள் அன்பியத்தில் அது அரை நிமிடத்தைத் தாண்டியதே இல்லை. யாராவது ஒரு அக்கா பாட்டைத் தொடங்கிவிடுவார். பேச்சு நிற்கிற இடம் நமக்குப் பயம். நான் தலைவி ஆனதும் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் ஆக்கிப் பார்த்தேன். முதல் மாதம் இருமினார்கள், இரண்டாம் மாதம் ஒருவர் தூங்கினார். மூன்றாம் மாதம், ஓரத்தில் இருந்த ஒரு கொத்தனாரின் மனைவி அழுதாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த படிக்குப் போய்விட்டோம்.

பேரவையில் எனக்குக் கிடைத்தது கோயில் வரி நோட்டு. குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு, திருவிழாவுக்கு இவ்வளவு. தபால் ஆபீஸ் பழக்கத்தில் நோட்டைச் சுத்தமாக்கினேன். கட்டியது நீல மை, பாக்கி சிவப்பு மை. கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை நான் உரக்க வாசித்தபோது 'இப்படியல்லவா கணக்கு வைக்கணும்' என்றார்கள். எனக்குக் குளிர்ந்துபோனது. ஆண்டவர் என் திறமையைக் கண்டுகொண்டார் என்றே நினைத்தேன்.

1521-இல் ஸ்பெயினின் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, வீட்டில் படுத்துக் கிடந்த இஞ்ஞாசியார், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர், ஒன்றைக் கவனித்தாராம். வீர சாகசக் கனவு காணும்போது இனித்தது, கனவு கலைந்தபின் உள்ளே வறண்டது. புனிதர்களைப் போல வாழும் கனவோ கலைந்த பிறகும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. எது கடவுளிடமிருந்து வருகிறது என்று பிரித்தறிய அவர் பின்னாளில் எழுதிவைத்த நெறிகளுக்கு இந்தப் படுக்கைதான் விதை. அந்த அளவுகோலை நான் அப்போதே வைத்துப் பார்த்திருக்கலாம். பேரவைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய ராத்திரிகளில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். கைதட்டல் தாழ்வாரம்வரைகூடக் கூட வரவில்லை. ஆனால் வறட்சியைக் களைப்பு என்று எழுதி மூடிவிட்டேன்.

2019 தவக்காலம். வெயில் உச்சியில் இருந்த நேரம். அந்தக் கொத்தனாரின் தாய் இறந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. மகன் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வேலைக்குப் போகாமல் இருந்தவன். வரி இரண்டு வருடப் பாக்கி. பாக்கி உள்ள வீட்டில் சாவு என்றால், பணத்தைக் கட்டும்வரை அல்லது யாராவது பொறுப்பு ஏற்கும்வரை சாவு மணி அடிப்பதில்லை என்பது ஊர் வழக்கம். இதற்குத் திருச்சபைச் சட்டம் எதுவும் கிடையாது, யாரோ எப்போதோ போட்டது. பங்குத்தந்தை தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். உபதேசியார் போன் செய்தார்: "மக்களே, நோட்டை எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். கோயில் முற்றத்தில் நாலைந்து பேர். செத்தவளின் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு. பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்தில், சிவப்பு மையில், 4,350 ரூபாய். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்றுதான், வெட்கக்கேடு, முதலில் தோன்றியது.

"வாசி" என்றார் உபதேசியார்.

நான் வாசிக்கவில்லை. "மாமா, மணி அடிக்கட்டும்" என்றேன்.

"நம்ம போட்ட சட்டமா இது? இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"இந்தப் பாட்டி முப்பது வருசம் கோயில் தூத்திருக்கா. இந்த நோட்டில அதுக்கு வரவு எங்க இருக்கு?"

கத்திச் சொல்லவில்லை. கை நடுங்கியது. ஒருவர் 'பொம்பளைக்குப் பொறுப்பு குடுத்தா இதுதான்' என்றார். உபதேசியார் என்னைப் பார்க்காமல் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பீடச்சிறுவனாக இருந்த ஒரு பையன், யாரிடமும் கேட்காமல், மணிக்கூண்டுப் பக்கம் நடந்தான். யாரும் தடுக்கவில்லை. ஒற்றை ஒற்றையாக மணி விழுந்தது, வழக்கத்துக்கு மிகவும் பிந்தி.

அது கடவுள் பேச வைத்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வெயில் பேசியிருக்கலாம். அன்பியத்தில் அவள் மருமகள் அழுதபோது கேட்காமல் விட்ட குற்ற உணர்வு பேசியிருக்கலாம். சாமுவேல் வேடம் எனக்குப் பொருந்தாது, அந்தச் சிவப்பு மை என்னுடையது. ஒன்றை மட்டும் சொல்வேன். அன்று வீட்டுக்குத் திரும்பியபோது பயமாக இருந்தது, அவமானமாக இருந்தது, உள்ளே வறண்டிருக்கவில்லை.

உபதேசியார் கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை. நான் பொருளாளர் பொறுப்பை விட்டேன். அந்த வழக்கம் அதோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அதற்குப்பின் சாவு வீட்டுக்கு நோட்டைக் கொண்டுவா என்று யாரும் கேட்டு நான் அறியவில்லை. அப்புறம் 2020 வந்தது, கோயில் கதவே மூடிக்கிடந்தது. கைபேசியில் பூசை பார்த்தோம். 2021 ஜனவரியில் அதே சாமுவேல் வாசகம் மீண்டும் வந்தபோது முகக்கவசத்தோடு யாரோ வாசித்தார்கள். பாதி வார்த்தை துணிக்குள்ளேயே நின்றுவிட்டது.

உபதேசியாருக்குப் பக்கவாதம் வந்து இப்போது கட்டிலோடு கிடக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் மடத்துச் சிஸ்டர் நோயாளிகளுக்கு நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோவார். கூடப் போய் வாசகம் வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். இந்தத் தடவை சாக்குச் சொல்லவில்லை. முதல் வீடே அவர் வீடு. சொல்லப்போனால் அதனால்தான் முதல் தடவை தயங்கினேன், வாசல்வரை போய்.

2024 ஜனவரி 14-உம் ஞாயிற்றுக்கிழமை. ஆறு வருடம், இரண்டு சுற்று, அதே தேதி, அதே வாசகம். சிஸ்டர் நற்கருணைச் சிமிழைச் சிறு மேசையில் வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். நான் வாசக ஏட்டைப் பிரித்தேன். பேழை, விளக்கு, மூன்று தடவை ஓட்டம், பேசும் ஆண்டவரே, அதன்பின் ஒரே தாவலில் வளர்ந்துவிட்ட சாமுவேல். இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு என்று முடித்தேன்.

உபதேசியாரின் இடது கை அசையாது. வலது கையால் தலைமாட்டைக் காட்டினார். அவருடைய பழைய விவிலியம், முதுகு கிழிந்து, துணி ஒட்டியது.

"விட்டதையும் வாசி மக்களே."

நாக்கு குழறியதால் முதலில் சிஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவருக்கு எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியாதா? பதினொன்றாம் வசனத்திலிருந்து பதினெட்டுவரை வாசித்தேன். ஏலி பையனைக் கூப்பிடும் இடத்தில் என் குரல் தேய்ந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடிகாரம் பார்க்கவில்லை, மூன்று நிமிடம் இருக்கும்.

பிறகு வாயைத் திறந்தார். சிஸ்டர் நற்கருணை கொடுத்தார். நான் தண்ணீர் ஊட்டி, வாயோரம் துடைத்துவிட்டேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சிஸ்டர் வெளியே இறங்கினார். நான் விவிலியத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, காற்று தூசியை வாரி அடிக்கிறதே என்று கதவை இழுத்தேன்.

"மக்களே" என்றார் உள்ளேயிருந்து. "கதவைச் சாத்தாண்டாம்."